மூன்று தரம் சொன்ன பிறகு: விளையாட்டு நினைவுப் பொருள் ஏலங்களில் வாங்கியவரும் விற்றவரும்

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

இந்தக் குரலைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார்கள். ஊரில் கண்மாய் மீனுக்கும், புளியமரக் குத்தகைக்கும், கோயில் பிரசாதத்துக்கும் இதே குரல்தான். பிழைப்புக்காக மும்பை வந்து சேர்ந்த பிறகும் நம்ம சங்க விழாக்களில் அந்தக் குரல் நம்மை விட்டபாடில்லை. 'ஏலம்' என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியில் 'நீலாம்' என்பதும், நம் மராத்தி அண்டை வீட்டார் 'லிலாவ்' என்பதும் அதே மூலத்திலிருந்து பிறந்தவைதான். கப்பலில் வந்த வியாபாரிகள் சரக்கோடு சேர்த்து விற்கும் முறையையும் இறக்கிவிட்டுப் போனார்கள்.

விளையாட்டு வீரர்களின் மட்டை, பந்து, சட்டை, தொப்பி, கையெழுத்து ஆகியவை ஏலத்துக்கு வரும்போது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே எழும் தகராறுகளின் வரலாற்றை இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன். "இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைத்தவன். இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம், நம் சங்கத்தில் நானே எழுதிய ஒரு வரி.

1998-இல் நடந்தது

அந்த ஆண்டு நம் சங்கத்தின் ஏழை மாணவர் கல்வி நிதிக்காக ஆண்டு விழாவில் ஒரு ஏலம் வைத்தோம். நான் அப்போது பொருளாளர். பட்டுச் சேலை, வெள்ளிக் குத்துவிளக்கு, பழைய கிராமபோன் என்று உறுப்பினர்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எல்லாரும் 'மாமா' என்று கூப்பிடும் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு கிரிக்கெட் மட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் 14 கையெழுத்துகள். "எய்ட்டி த்ரீ டீம்ப்பா! லார்ட்ஸ்ல ஜெயிச்ச அன்னிக்குப் போட்ட கையெழுத்து" என்றார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. 1983 ஜூன் 25 இரவு மாட்டுங்காத் தெருவில் வெடி வெடித்தவர்களில் நானும் ஒருவன். ஏல அறிவிப்பில், "1983 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியினர் லார்ட்ஸ் மைதானத்தில் கையெழுத்திட்ட மட்டை" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதே வரி அந்த ஆண்டு மலரிலும் படத்தோடு அச்சாயிற்று.

மட்டையை ஏலம் எடுத்தவர் நம்ம அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்து, டீக்கடையில் கிளாஸ் கழுவி, சொந்தமாக ஓட்டல் வைத்தவர். 31,000 ரூபாய். அன்றைய நிலையில் அது பெரிய தொகை. மட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் ஓட்டல் கல்லாவுக்கு மேலே ஏறியது. மாமாவும் அண்ணாச்சியும் ஃபைவ் கார்டன்ஸில் தினமும் சேர்ந்து நடைப்பயிற்சி போகிறவர்கள்.

25 ஆண்டுகள் கழித்து, 2023-இல், ஓட்டலைப் புதுப்பிக்கும்போது பெட்டியைத் திறந்தார்கள். கைப்பிடியின் ரப்பர் உறை இற்றுப்போயிருந்தது. மாற்றலாமென்று அண்ணாச்சியின் மகள் அதை உருவியபோது, உள்ளே கடைக்காரர் ஒட்டிய சிறு விலைச் சீட்டு. கடைப் பெயர் அழிந்துவிட்டது. அடியில் ஆங்கிலத்தில் 'மும்பை - 2' என்று மட்டும் தெளிவாக இருந்தது.

புரிகிறதா? நம் ஊரின் ஆங்கிலப் பெயர் 'பம்பாய்' என்பதிலிருந்து 'மும்பை' என்று மாறியது 1995-இல். 1983-இல் லண்டனில் கையெழுத்தான மட்டையின் உறைக்குள் 'மும்பை' எப்படி வந்தது?

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சீட்டைக் காட்டினார். "தம்பி, நீங்க எழுதினதத்தான நான் நம்பி கையத் தூக்கினேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பெரியவர்களும் நடைப்பயிற்சியில் ஆளுக்கொரு திசை. நான் படிக்க ஆரம்பித்தேன்.

உரைகல் இல்லாத சரக்கு

தங்கம் வாங்கினால் உரைகல் உண்டு. பட்டு வாங்கினால் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்க்கலாம். ஒரு கிரிக்கெட் பந்தில் என்ன இருக்கிறது? தோல், தக்கை, நூல். அந்தத் தோலுக்கு இலட்சக்கணக்கில் விலை வருவது அதன் பின்னால் இருக்கும் கதையினால். வாங்குபவர் காசு கொடுப்பது கதைக்கு. கையில் வருவதோ வெறும் பொருள். கதைக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள முடிச்சு அவிழ்ந்தால் இரண்டும் பயனற்றுப் போகும். இந்த வகை ஏலங்களில் வந்த சண்டைகளையெல்லாம் பார்த்தால் நான்கு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பொருள் உண்மையா? சொன்ன கதை உண்மையா? விற்பவருக்கு அது சொந்தமா? ஏலம் நேர்மையாக நடந்ததா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

கன்னத்தில் அடித்த உண்மை: போலிக் கையெழுத்துகள்

முதல் கேள்விக்கு அமெரிக்காவில் கிடைத்த விடை பயங்கரமானது. 1990களில் பேஸ்பால் வீரர்களின் கையெழுத்துக்கு அங்கே பெரிய சந்தை உருவாயிற்று. சான் டியேகோ அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தன் பெயரில் விற்கப்படும் கையெழுத்துகள் தான் போட்டவை அல்ல என்று கண்டு எச்சரித்தவர்களில் ஒருவர். 1997 வாக்கில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் விசாரணையைத் தொடங்கியது. 1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை. பல கும்பல்கள் பிடிபட்டன. கடைசியில் 63 பேர் மீது குற்றம் நிரூபணமாயிற்று. சந்தையில் உள்ள கையெழுத்துகளில் பாதிக்கு மேல் போலியாக இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது.

பிடிபட்ட சரக்கில் ஒன்றைக் கேட்டால் சிரிப்பும் வரும், வேதனையும் வரும். அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்து! கொல்கத்தாவில் தொழுநோயாளிகளுக்கு மருந்திட்ட கை பேஸ்பால் பந்தில் ஏன் கையெழுத்துப் போடப் போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். ஆனால் ஆசை வந்தவனுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை.

இந்தக் கும்பல்களின் பலம் எழுதும் கை மட்டுமல்ல, சான்றிதழ். 'இது உண்மையானது' என்று முத்திரை குத்திய காகிதம். வாங்குபவர் கையெழுத்தைப் பார்க்காமல் சான்றிதழைப் பார்த்தார். அந்தச் சான்றிதழும் அதே கடையின் சரக்கு! இதற்குப் பிறகுதான் 2001-இல் அமெரிக்க பேஸ்பால் அமைப்பு, ஆட்டம் நடக்கும்போதே சுயேச்சையான சாட்சி ஒருவர் பார்த்திருக்க, பந்திலும் மட்டையிலும் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. பொருள் பிறந்த இடத்திலேயே பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது போல.

பொருள் உண்மை, கதை பொய்: சோபர்ஸின் பந்து

இரண்டாவது கேள்விதான் எங்கள் மட்டைக்கு மிக நெருக்கமானது.

1968 ஆகஸ்ட் 31. வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் செயின்ட் ஹெலன்ஸ் மைதானம். நாட்டிங்காம்ஷயர் அணித் தலைவர் கேரி சோபர்ஸ், கிளாமார்கன் அணியின் மால்கம் நாஷ் வீசிய ஒரே ஓவரில் ஆறு பந்துகளையும் சிக்ஸருக்கு அனுப்பினார். முதல்தரக் கிரிக்கெட்டில் அதுதான் முதல் தடவை. ஐந்தாவது பந்தை ரோஜர் டேவிஸ் பிடித்தார். ஆனால் பிடித்தபடியே எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டார். ஆறாவது பந்து மைதானத்தையே தாண்டித் தெருவுக்குப் போயிற்று. (நம்ம ரவி சாஸ்திரி 1985 ஜனவரியில், இதே ஊரில், வான்கடேயில், பரோடாவின் திலக் ராஜ் பந்துவீச்சில் அதைச் செய்து காட்டினார். அந்தப் பந்து எங்கே போயிற்று என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை!)

2006-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'அந்த ஓவரின் பந்து' விற்பனைக்கு வந்தது. சோபர்ஸ் கையெழுத்திட்ட சான்றிதழ் கூடவே இருந்தது. விலை 26,400 பவுண்டு. ஒரு கிரிக்கெட் பந்துக்கு அது அசாதாரணமான தொகை. பிறகு கிரஹாம் லாயிட் என்ற வேல்ஸ் பத்திரிகையாளர் துருவ ஆரம்பித்தார். ஏலத்தில் விற்ற பந்து ட்யூக் நிறுவனம் செய்தது. அன்று கிளாமார்கன் அணி பயன்படுத்தியது ஸ்டூவர்ட் சரிட்ஜ் பந்து என்று, வீசிய நாஷே சொன்னார். அந்த ஓவரில் ஒன்றுக்கு மேற்பட்ட பந்துகள் பயன்பட்டன என்று ஏலக் குறிப்பு சொன்னது, பி.பி.சி. எடுத்த படத்திலோ ஒரே பந்துதான் கடைசிவரை. 2012-இல் அதே பந்து வேறொரு ஏல நிறுவனத்திடம் வந்தபோது, சந்தேகம் எழுந்ததால் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

இங்கே யாரைக் குற்றம் சொல்வது? சோபர்ஸ் பொய் சொல்லக்கூடியவர் அல்லர். வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்த மனிதர், பல ஆண்டுகள் கழித்து ஒரு பந்தைப் பார்த்து 'இதுதான்' என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். கையெழுத்து அசல், கதை தவறு. நல்லவர்கள் நாலு பேர் நம்பிக்கையோடு கைமாற்றிக் கொடுத்தாலும் தவறு தவறாகவே வந்து சேரும். இதைப் படித்த இரவு எனக்கு மாமாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

எடுத்தவனுக்குச் சொந்தமா?

மூன்றாவது கேள்வி உரிமை. 2001 அக்டோபர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பாரி பாண்ட்ஸ் அந்தப் பருவத்தின் 73-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். பார்வையாளர் வரிசையில் ஒருவர் கையுறையில் பந்து விழுந்தது. அடுத்த நொடி கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. கீழே விழுந்து மிதிபட்டார். பந்து உருண்டது. அந்த நெரிசலில் தள்ளிவிடப்பட்ட வேறொருவர், யாரையும் அடிக்காமல், தரையில் கிடந்த பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் போகும் என்று பேச்சு. விடுவார்களா? வழக்கு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் 'போபோவ் எதிர் ஹயாஷி' வழக்கு இதுதான்.

2002 டிசம்பரில் நீதிபதி கெவின் மெக்கார்த்தி சொன்ன தீர்ப்பு நம்ம ஊர் மரத்தடிப் பஞ்சாயத்தை நினைவூட்டும். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பந்தை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 2003 ஜூனில் ஏலம் போட்டால் 4,50,000 டாலர்தான் வந்தது. ஆளுக்கு 2,25,000. வழக்கு நடந்த காலத்தில் சந்தை இறங்கிவிட்டது. முதலாமவரின் வழக்கறிஞர் தன் கட்டணமாகக் கேட்டது அவருக்குக் கிடைத்த பங்கைவிட இரண்டு மடங்குக்கு மேல்! ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. விற்பவருக்கு இல்லாத உரிமையை அவர் நமக்குக் கொடுக்க முடியாது. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டை 2022 மே மாதம் சோத்பீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஆட்டம் முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்ட இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அதை 35 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். உரிமையில் சிக்கல் இல்லை. ஆனால் மரடோனாவின் மகள், 'அது முதல் பாதியில் அணிந்த சட்டை. கோல் அடித்த சட்டை அல்ல' என்றார். ஏல நிறுவனம் அன்றைய புகைப்படங்களை வைத்துச் சின்னத்தின் தையல், கோடுகள், எண்ணின் அமைப்பு ஆகியவற்றை நூல் நூலாக ஒப்பிட்டுப் பார்த்து, அதே சட்டைதான் என்று சொன்னது. ஆக, உரைகல் இல்லாத சரக்குக்கு ஒரு உரைகல் கிடைத்துவிட்டது: பழைய புகைப்படம்.

கை தூக்கியது யார்?

நான்காவது கேள்வி ஏலத்தின் நேர்மை. இங்கே கதாநாயகன் ஒரு சிகரெட் அட்டை.

நம் சின்ன வயதில் நெருப்புப்பெட்டிப் படம் சேர்த்தோமே, அதுபோல அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளை வைத்தார்கள். பிட்ஸ்பர்க் வீரர் ஹோனஸ் வாக்னர் தன் படத்தைப் போட ஒப்பவில்லை; அதனால் அவர் அட்டை மிகச் சிலவே வெளிவந்தன. சிறுவர்கள் புகையிலை வாங்க அது காரணமாகக் கூடாது என்று நினைத்தார் என்பார்கள். பணம் தராததால் மறுத்தார் என்றும் சொல்வார்கள்.

அந்த அட்டைகளில் ஒன்று மட்டும் புத்தம் புதிது போல மூலைகள் கூர்மையாக இருந்தது. பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 1985-இல் 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-இல் சோத்பீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். தர நிர்ணய நிறுவனம் ஒன்று பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தது. 2000-இல் 12 லட்சம் டாலரைத் தாண்டியது. 2007-இல் 28 லட்சம். அது ஓரம் வெட்டி அழகுபடுத்திய அட்டை என்று கிசுகிசு எப்போதும் இருந்தது. ஆனால் யாரும் கிளறவில்லை. ஏன்? இன்று வாங்கியவர் நாளைக்கு விற்பவர் அல்லவா? உண்மை தெரிந்தால் நஷ்டம் அவருக்குத்தான். இந்தச் சந்தையின் நோயே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மாஸ்ட்ரோ பின்னாளில் மிகப் பெரிய ஏல நிறுவனம் நடத்தினார். அங்கே நிறுவனத்தின் ஆட்களே பொய்ப் பெயரில் விலையை ஏற்றிக் கேட்டார்கள் என்று எஃப்.பி.ஐ. கண்டுபிடித்தது. 2013-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த வாக்னர் அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2015-இல் 20 மாதச் சிறைத்தண்டனை.

இதைப் படித்துவிட்டு, "அமெரிக்காக்காரன் அப்படித்தான்" என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? விழா ஏலத்தில் விலை ஏறாமல் நிற்கும்போது, "டேய், சும்மா ஒரு கை ஏத்தி விடுடா, நீ வாங்க வேண்டாம்" என்று நண்பன் காதில் சொல்லாத செயலாளர் எத்தனை பேர்? நல்ல காரியத்துக்குத்தானே என்று நானும் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் அதற்குச் சிறை; நம் சங்கத்தில் அதற்குக் கைதட்டல்.

நம் நாட்டில்

நம் நாட்டில் இந்தச் சந்தை சிறியது. 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடேயில் தோனி கடைசி சிக்ஸர் அடித்த மட்டை அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த அறக்கொடை ஏலத்தில் 1,00,000 பவுண்டுக்குப் போனது. கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க, கேமராக்கள் சூழ்ந்திருக்க வந்த பொருள். விளையாடியவரே கொடுத்தார். கதைக்கும் பொருளுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. ஏலம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1948, 1952, 1956 மூன்று ஒலிம்பிக்கிலும் ஹாக்கித் தங்கம் வென்ற பல்பீர் சிங் சீனியர், தன் 36 பதக்கங்களையும், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணித் தலைவராக அணிந்த கோட்டையும், அரிய புகைப்படங்களையும் 1985-இல் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் அமைப்பதற்காக இந்திய விளையாட்டு ஆணையத்திடம் இலவசமாகக் கொடுத்தார். அருங்காட்சியகம் வரவில்லை. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டிய கண்காட்சிக்காக அவற்றைத் தேடியபோது, பொருள்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. திரும்பப் பெறாமலே 2020 மே 25 அன்று அவர் காலமானார். விற்றிருந்தால் எங்கோ ஒரு செல்வந்தரின் கண்ணாடிப் பெட்டியிலாவது பத்திரமாக இருந்திருக்கும். கொடுத்தார், காணாமல் போயிற்று. விற்பனையில் மட்டும்தான் ஏமாற்றம் என்று நினைக்கக் கூடாது. கணக்கு எழுதாத இடத்தில் தானமும் ஏமாந்துதான் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவு, வருணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வருணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 27-ஆம் பிரிவு, பொதுவாக உரிமையில்லாதவரிடம் வாங்கினால் நமக்கும் உரிமையில்லை என்கிறது. 64-ஆம் பிரிவு முழுக்க ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது. அதுவரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்யாகக் கேட்க வைத்தால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 20-ஆம் பிரிவு, இரு தரப்பும் முக்கியமான உண்மையில் தவறாக நம்பியிருந்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்கிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு உண்மை உறைத்தது. எங்கள் ஏலத்தில் விற்பவர் யார்? மாமா அல்லர். அவர் சங்கத்துக்குத் தானம் கொடுத்தவர். விற்றது சங்கம். வருணனை எழுதியது நான். இரண்டு நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்து முகம் திருப்பிக்கொண்டார்கள். திரும்பியிருக்க வேண்டிய முகமெல்லாம் என் பக்கம்.

மாமாவைப் போய்ப் பார்த்தேன். 83 வயது. 1996-இல் தோபி தலாவ் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் 1,500 ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார். "அவன் லார்ட்ஸ்னு சொன்னான்ப்பா. நான் நம்பினேன். நீயும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலையே" என்றார். உண்மைதான். 'யாரிடம் வாங்கினீர்கள், எப்போது, ரசீது உண்டா' என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பெரியவரிடம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அந்த மரியாதைதான் அவரை 25 ஆண்டுகள் கழித்துத் தலைகுனிய வைத்தது.

இனி நாம் செய்யக்கூடியவை

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றிலும் இப்படிப்பட்ட அறக்கொடை ஏலங்கள் நடக்கின்றன. என் அனுபவத்தில் சில யோசனைகள்.

பொருள் கொடுப்பவரிடம், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அது எப்படிக் கைக்கு வந்தது என்று அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் அறிவிப்பில் பிரித்து எழுதுங்கள். 'அணியினர் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் மட்டை' என்று எழுதினால் விலை குறையலாம், நட்பு குறையாது. பொருளைக் கழற்றி, திருப்பி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பிறகு தவறு தெரிந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திருப்பித் தரப்படும் என்று முன்பே அறிவியுங்கள். விலையை ஏற்றிவிட ஆள் வைக்காதீர்கள். வாங்குபவர்களுக்கு ஒன்றே ஒன்று: சான்றிதழைப் படிக்கும்முன் பொருளைப் படியுங்கள்.

முடிவாக

நம் செயற்குழு கூடி அண்ணாச்சிக்கு 31,000 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பதென்று தீர்மானம் போட்டது. நானும் தலைவரும் காசோலையோடு ஓட்டலுக்குப் போனோம். காபி வந்தது. காசோலையை அவர் தொடவில்லை.

"அந்தப் பணத்துல புள்ளைங்க படிச்சாச்சுல்லா? படிப்பு டூப்ளிகேட் இல்லையே. அத எதுக்குத் திருப்பித் தாறிய? ஆனா தம்பி, நீங்க எழுதின வரி மலர்ல இன்னும் அப்படியே இருக்கு. நாளைக்கு எம் பேரன் அதப் படிச்சிட்டு மட்டைய யார்ட்டயாவது விப்பான். அந்த வரிய மாத்தி எழுதுங்க" என்றார்.

அதற்காகத்தான் இவ்வளவு நீளமான கட்டுரை. 1998-ஆம் ஆண்டு மலரில் நான் எழுதிய வரி பிழையானது. அம்மட்டை 1983-இல் லார்ட்ஸ் மைதானத்தில் கையெழுத்தானது அல்ல. 1995-க்குப் பிறகு மும்பையில் விற்கப்பட்டது. கையெழுத்துகள் யாருடையவை என்பதற்குச் சான்று எதுவும் நம்மிடம் இல்லை. அதைக் கொடுத்தவரும் வாங்கியவரும் நல்ல நம்பிக்கையோடு செய்தார்கள். விசாரிக்காமல் எழுதியது அடியேன்.

மட்டை இன்னும் ஓட்டல் கல்லாவுக்கு மேலேதான் இருக்கிறது. இப்போது ரப்பர் உறை இல்லை; 'மும்பை - 2' சீட்டு தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு பெரியவர்களும் மறுபடி சேர்ந்து நடக்கிறார்கள். எல்லாம் பேசுகிறார்கள், கிரிக்கெட் மட்டும் இன்னும் பேசுவதில்லை.